காது பார்க்கிற வேலை

பத்தொன்பது வருடமாய்
ஃபிரேசர் டவுனில் காது பார்க்கிறேன்.
கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து,
ஹெட்போன் மாட்டி,
"கீச்சென்று கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்"
என்பதை ஐந்து மொழியில் சொல்வேன்.
அதனால்தான்
ஜெமிமா கொண்டுவந்த படிவத்தில்
என் கண் முதலில் போன இடம்
ஒன்பதாம் பக்கம், செவிப்பறை.
மரணம் பற்றிய பத்தி அடுத்த பக்கத்தில் இருந்தது.
அதை அவள் அப்பா படித்தார்.
படித்துவிட்டு
எழுந்துபோய் ஃபேன் வேகத்தைக் கூட்டினார்.

பதினாறு வயது. இந்தோனேஷியாவில் ஒரு தீவு.
மூன்று வாரம் கடலுக்கடியில்
ஒடிந்த பவளத் துண்டுகளை
இரும்புச் சட்டத்தில் கட்ட வேண்டுமாம்.
கட்டுவதற்கு நாம் பணம் கட்ட வேண்டுமாம்.
"சேவை செய்யக் காசு குடுப்பாங்களா யாராவது?"
என்றார் சபையில் பின்வரிசை எஸ்தர் அக்கா.
"முதல்ல நம்ம கல்கெரே ஏரியச் சுத்தம் பண்ணச் சொல்லு."
போனாளே அக்கா, போன மாதம்.
காவலாளி விரட்டிவிட்டார்.
ஏரிக்குள் இறங்க அனுமதி இல்லையாம்.

எந்தப் பக்கம் போனாலும்
கடலுக்கு முந்நூறு கிலோமீட்டர் இருக்கிற ஊரில்,
கடலைவிடத் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில்,
மூழ்கக் கற்றுக்கொண்டாள்.
ஞாயிறு ஆராதனை நேரத்தில்
எச்.பி.ஆர். லேஅவுட் நீச்சல்குளத்தின்
நாலு மீட்டர் ஆழத்தில்
முழங்காலிட்டிருந்தாள்.

தலைமுடியில் குளோரின் நெடியோடு வந்து
தோசை வார்க்கிற எனக்கும் சைகை சொன்னாள்.
விரல் வளையம் என்றால் 'நல்லாருக்கேன்'.
கட்டைவிரலைத் தூக்கினால்
'சரி' இல்லை, 'சபாஷ்' இல்லை:
'போதும், மேலே போயிடலாம்'.

தேவனஹள்ளி விமான நிலையத்தில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
வளையம் காட்டினாள்.
என் கை
பழக்கதோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கிவிட்டது.
ஒரு கணம் குழம்பியது அவள் முகம்.
சட்டென்று மடக்கிக்கொண்டேன்.
ஆனால்
அது பொய்யில்லை.

அங்கே சிக்னல் நாள்விட்டு நாள்.
ஒரு குரல்செய்தி, பின்னால் படகின் இரைச்சலோடு:
"நாங்க கட்டினதுல பாதி வெளுத்துப்போச்சும்மா.
தண்ணி ரொம்பச் சூடு.
போன வருஷப் பசங்க கட்டினது ஒண்ணு மட்டும்
சுண்டுவிரல் அளவு வளந்திருக்கு.
அப்புறம் இன்னொண்ணு,
உயிரோட இருக்கிற பவளத்துக்கிட்ட போனா
கடுகு தாளிக்கிற சத்தம் கேக்குதும்மா.
செத்த பக்கம் ஒண்ணுமே கேக்கல."
அன்று ராத்திரி ரசத்துக்குத் தாளிக்கையில்
எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
எட்டு நொடி இருக்கும்.
பிறகு கருகிவிட்டது.

தோள் உரிந்து வந்து சேர்ந்தாள்.
"எத்தனை மீனைக் காப்பாத்தின?" என்றார் எஸ்தர் அக்கா.
"தெரியல ஆன்ட்டி. எண்ணிட்டு மட்டும்தான் வந்தேன்."

சனிக்கிழமை, கிளினிக் மூடிய பிறகு,
கண்ணாடி அறையில் அவளை உட்காரவைத்தேன்.
இரண்டு செவிப்பறையும் பழுதில்லை.
ஒலி அனுப்பினேன். அழுத்தினாள்.
குறைத்து அனுப்பினேன். அழுத்தினாள்.
பிறகு
நான் எதையும் அனுப்பவில்லை.
கண்ணை மூடியபடி அழுத்தினாள்.
மறுபடியும் அழுத்தினாள்.

ஒலி இல்லாதபோது வந்த பதிலைப்
பிழை என்று குறிக்க வேண்டும்.
பேனாவை மூடிவைத்துவிட்டு
விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒருமுறை,
பச்சை.